கற்பனைக் குடிக்கு என்ன சாப்பாடு?

கோயம்பேட்டில் பஸ் ஏறிப் பூந்தமல்லி பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி, அப்புறம் குமணன்சாவடி, கரையான்சாவடி. கண்டக்டர் கத்துகிற வேகத்தில் வேலப்பனும் குமணனும் ஒரே ஆள் மாதிரிதான் காதில் விழும். வேலப்பன் யார் என்று இறங்குகிறவர் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு சின்ன உலகம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். நடந்தும் வண்டியிலும் போனவர்கள் இருந்தார்கள், இருட்டினால் அவர்களுக்குப் படுக்க இடம் வேண்டியிருந்தது, அந்த இடத்துக்கு ஒரு மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அங்கே மேம்பாலமும் மருத்துவக் கல்லூரிகளும்தான் கண்ணில் படுகின்றன. சாவடி, பெயரில் மட்டும் மிச்சம்.

கற்பனை நாவல் எழுத உட்காருகிறவர்கள் ஊருக்குப் பெயர் வைக்கும்போது இப்படி வைப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை. 'ஸ்', 'ர்', 'த்' என்று நாலு எழுத்தை உருட்டிப் போட்டால் ஒரு தேசம் தயார். அந்தத் தேசத்தில் ஒரு இனக்குழு. இனக்குழுவுக்கு நெற்றியில் பச்சை குத்து, கையில் வளைந்த கத்தி, வருடத்துக்கு ஒரு ரத்தத் திருவிழா, வணக்கம் சொல்ல ஒரு விசித்திரமான சைகை. நாற்பது பக்க நோட்டு இரண்டு மூன்று தீர்ந்துவிடும். கதை மட்டும் நகராது. ஏன் என்று பார்த்தால், அந்த மக்கள் காலையில் எழுந்து என்ன செய்வார்கள் என்று எழுதுகிறவருக்கே தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கற்பனை இனக்குழு என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும். காலகேயர்கள். 2015 ஜூலையில் வந்த 'பாகுபலி'யில் மகிழ்மதி மீது படையெடுத்து வந்தவர்கள். காலகேயர் என்ற பெயர் புதிதல்ல. மகாபாரதத்தில் கடலுக்குள் ஒளிந்துகொண்டு இரவில் வந்து முனிவர்களைக் கொன்ற அசுரர்கள் அவர்கள். அகத்தியர் கடலையே குடித்து அவர்களை வெளியே கொண்டு வந்தார் என்பது கதை. ராஜமௌலி பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகச் செய்தார்.

அந்தப் புதிதில் மிகப் பெரிய பங்கு மொழி. 'கிலிக்கி' என்ற அந்த மொழியை உருவாக்கியவர் மதன் கார்க்கி. பாடலாசிரியராக வருவதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். அங்கே இருந்தபோது குழந்தைகளுக்காக விளையாட்டாக ஒரு மொழி செய்திருந்தார், 'கிளிக்' என்று பெயர். பிற்பாடு காலகேயர்களுக்குப் பேச்சு தேவைப்பட்டபோது அந்த விதையிலிருந்துதான் கிலிக்கி முளைத்தது. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் வேறு. 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. எழுத்தைத் திருப்பிப் போட்டால் ஆள் மாறிவிடுகிறான்! எதிர்ப்பொருளுக்குப் புதுச் சொல் தேடாமல் சொல்லையே புரட்டிப் போடுவது ஒரு குழந்தை கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயம் மாதிரி இருக்கிறது. நடிகர் பிரபாகர், காலகேயத் தலைவன் இன்கோஷியாக அந்த வசனங்களைத் துப்பித் துப்பிப் பேசியதைப் பார்த்துவிட்டுத் தெருவில் பிள்ளைகள் ஒரு மாதத்துக்கு அதையே பேசிக்கொண்டு திரிந்தார்கள். 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கிலிக்கியை யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று எழுத்து வடிவத்தோடு இணையத்தில் வெளியிட்டார்கள். இந்தியத் திரைப்படம் ஒன்றுக்காகச் செய்யப்பட்ட மொழி இவ்வளவு தூரம் வந்தது சாதாரண விஷயமில்லை.

சரி, பாராட்டியாயிற்று. இப்போது ஒரு கேள்வி. காலகேயர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

தெரியாது. அவர்கள் ஊர் எப்படி இருக்கும், பெண்கள் எங்கே, பிள்ளைகள் எங்கே, செத்தவர்களை எரிப்பார்களா புதைப்பார்களா, எதற்காக மகிழ்மதிக்கு வந்தார்கள், அங்கே மழை பொய்த்ததா? எதுவும் தெரியாது. 'நான்', 'நீ' என்று சொல்லத் தெரிந்த ஒரு கூட்டம், ஆனால் அதில் ஒரு 'நான்' கூட இல்லை. உடம்பு முழுக்கக் கறுப்புப் பூச்சு, அழுக்குப் பல், சடைமுடி. தோலின் நிறத்தையே பயமுறுத்தும் அடையாளமாக்கியதைப் படம் வந்த சமயத்திலேயே சிலர் சுட்டிக்காட்டினார்கள். கறுப்புத் தோல் உள்ள ஜனங்கள் நிறைந்த தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு அதற்குக் கைதட்டினோம் என்பது வேறு கதை. படத்துக்குத் தேவை ஒரு பெரிய போர். போருக்குத் தேவை வெட்டினால் வருத்தம் வராத எதிரிகள். அவர்கள் சாப்பிடுவதைக் காட்டினால், பிள்ளைக்கு ஊட்டுவதைக் காட்டினால், வெட்டும்போது கை கூசும். அதனால் மொழி கொடுத்தார்கள், அடுப்பு கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று டோல்கீன் வழி. ஆக்ஸ்போர்டில் மொழி ஆராய்ச்சிப் பேராசிரியர் அவர். முதலில் மொழிகளைச் செய்தார், அவற்றைப் பேச ஆட்கள் வேண்டுமே என்று கதைகள் வந்தன. 'ஸ்டார் டிரெக்' படத்தின் கிளிங்கன், 2009-ல் வந்த 'அவதார்' படத்தின் நாவி எல்லாம் அந்த வரிசையில் வைக்கத்தக்கவை. இன்னொன்று உர்சுலா லெ குவின் வழி. அவருடைய அப்பா ஆல்ஃப்ரெட் குரோபர், அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி ஆராய்ந்த பெரிய மானிடவியலாளர். மகள் 1985-ல் 'ஆல்வேஸ் கமிங் ஹோம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். எதிர்காலக் கலிஃபோர்னியாவில் வாழப்போகும் கெஷ் என்ற கற்பனை மக்கள். கதை அதில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் அவர்களின் பாட்டு, சடங்கு, நாடகம், சமையல் குறிப்பு. ஆமாம், சமையல் குறிப்பு! இல்லாத ஜனங்களின் குழம்பு எப்படி வைப்பது என்று எழுதியிருக்கிறார். புத்தகத்தோடு அவர்களின் பாடல்கள் என்று ஒரு கேசட்டும் விற்றார்கள்.

இதற்கெல்லாம் கலிஃபோர்னியா போக வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'உலகம் படைப்பது எப்படி' என்று சொல்லும் புத்தகங்களில் நூறு கேள்வி, இருநூறு கேள்வி என்று பட்டியல் இருக்கும். உங்கள் மக்களின் நாணயம் என்ன, கொடி என்ன, எத்தனை நிலாக்கள் என்று போகும். தொல்காப்பியம் இதை எட்டுச் சொல்லில் முடித்துவிட்டது. கருப்பொருள் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனோமே, அதுதான். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பின்னால் வந்த நம்பியகப்பொருள் ஊர், நீர், பூ என்றெல்லாம் சேர்த்து 14 ஆக்கியது. இதில் கத்தி இல்லை, கொடி இல்லை, பச்சை குத்து இல்லை. தெய்வத்துக்கு அடுத்த இடமே சாப்பாட்டுக்கு.

கவிதைக்கான இலக்கணத்தைக் கொண்டுபோய் கற்பனை நாவலுக்குப் பொருத்தலாமா என்று தமிழாசிரியர்கள் முறைக்கலாம். ஆனால் நெய்தலின் உணவு என்ன என்று பாருங்கள். மீனையும் உப்பையும் விற்று அதனால் கிடைத்தது. அதாவது அவர்கள் தட்டில் இருக்கும் சோறு அவர்கள் நிலத்தில் விளைந்ததல்ல. இந்த ஒரு வரியிலேயே உப்பு வண்டி, பேரம், மருத நிலத்தாரோடு சண்டை, சமாதானம், கல்யாணம் எல்லாம் வந்துவிடுகிறது. பாலை இன்னும் பயங்கரம். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலமே தரவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே உணவு எது? உரையாசிரியர்கள் சொல்லும் பதில்: வழியில் போகிறவர்களிடம் பறித்த பொருள். தெய்வம் கொற்றவை.

இதை மெதுவாக யோசித்தால் உடம்பு சிலிர்க்கும். பாலையில் இருக்கும் கொள்ளைக்காரன் கொள்ளைக்காரனாகப் பிறக்கவில்லை. அவனுடைய தாத்தா தேன் எடுத்திருப்பார், அல்லது மாடு மேய்த்திருப்பார். மழை நின்றுபோனது, தேனடை காய்ந்தது, மாடு செத்தது, பேரன் வழியில் நிற்கிறான். காலகேயர்களுக்கு இப்படி ஒரு தாத்தா இருந்திருந்தால்? படம் அரை நிமிடம் அதிகமாக ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் போர்க்காட்சியில் பாதிப் பேர் கைதட்டுவதை நிறுத்தியிருப்பார்கள்.

உணவை வைத்தே ஒரு குடியின் அரசியல் முழுவதையும் சொல்லிவிட முடியும் என்பதற்குப் புறநானூற்றில் கபிலர் பாட்டு ஒன்று இருக்கிறது, 109-ஆம் பாட்டு. மூவேந்தர்களும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் செய்தால் மலை தானாக விழும் என்பது அவர்கள் கணக்கு. கபிலர் அவர்களிடம் சொல்கிறார்: உழாமலே விளைகிற நான்கு பொருள் இந்த மலையில் இருக்கின்றன. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வயலை வளைத்தால் வயல்காரனைப் பட்டினி போடலாம், வயலே இல்லாதவனை எப்படிப் பட்டினி போடுவது? அடுத்து அவர் சொல்வதுதான் இன்னும் அழகு. சண்டை போட்டு வாங்க முடியாது, யாழ் மீட்டிக்கொண்டு, ஆடலும் பாடலுமாக வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். அந்தக் குடியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கிறது. பசியால் விழாதவர்கள் கொடையால் விழுவார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதிய சில வரிகளில் நாலு பாக நாவலுக்கான சரக்கு இருக்கிறது. சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் 'வேள்பாரி'யைத் தொடராக எழுதிப் பெரிய நாவலாகவே ஆக்கிவிட்டார். பறம்பு மக்களின் செடிகொடி அறிவு, விலங்கு அறிவு என்று அதில் வரும் பலவும் அவர் கட்டியெழுப்பியவை. வாரா வாரம் ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள்.

பசியில் நிற்கும் இன்னொரு கற்பனைக் குடியும் நமக்கு இருக்கிறது. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. 1279-ல் சோழ அரசு முடிந்தபோது ஒரு கூட்டம் தப்பித்து வியட்நாம் பக்கத்துத் தீவில் ஒளிந்துகொண்டது, இன்னும் அங்கேயே இருக்கிறது என்பது கற்பனை. அவர்கள் பேசுவது புரிந்தும் புரியாத ஒரு பழந்தமிழ். அந்தத் தமிழில் குற்றம் கண்டவர்கள் உண்டு, முதல் நாள் தியேட்டரை விட்டுக் குழம்பிப்போய் வந்தவர்கள் நிறையவே உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு காத்திருப்பு இருந்தது. சோழ தேசத்திலிருந்து தூதுவன் வருவான், திரும்பிப் போவோம் என்று தலைமுறை தலைமுறையாக இருட்டில் பட்டினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்திபன் நடித்த அரசன் குரூரமானவன், ஆனாலும் அவன் ஜனங்களின் பசியைப் பார்க்கும்போது அவனை வெறுக்க முடிவதில்லை. கடைசியில் நவீன ஆயுதங்களோடு வந்த படை அவர்களை அழிப்பதைப் பார்த்த பலருக்கு 2009 ஈழத்தின் கடைசி நாட்கள் ஞாபகம் வந்தன. இதே படத்தில் நாயகர்கள் போகும் வழியில் ஒரு காட்டுவாசிக் கூட்டமும் வருகிறது. அவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வழித்தடையில் ஒன்று, தாண்டிப் போக வேண்டியவர்கள், அவ்வளவே. ஒரே இயக்குநர், ஒரே படம், இரண்டு குடிகள். ஒரு குடிக்குப் பசி கிடைத்தது, இன்னொன்றுக்கு வேஷம் மட்டும் கிடைத்தது.

கற்பனைதானே, என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். யாரும் வெறுங்கையில் முழம் போடுவதில்லை. எங்கிருந்தோ எடுத்துத்தான் தைக்கிறார்கள். எடுக்கும் இடத்தில் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். சினிமாவில் 'காட்டுவாசி' என்றால் இலைதழை கட்டி ஆடுவார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் நிஜ இருளர்களைப் பாருங்கள். வடநெம்மேலியில் 1978-லிருந்து அவர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடிக்கிறார்கள், சில நாள் வைத்து விஷம் எடுக்கிறார்கள், பிறகு காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. பிடித்த பாம்பைத் திரும்ப விடுகிற ஒரு குடியைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், 'ரொம்ப ஓவராகப் போகிறார்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்!

'பாகுபலி'யிலேயே இன்னொரு விஷயம் நடந்தது. கிலிக்கியின் 750 சொற்களால் யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. தமிழ் வசனத்தில் வந்த ஒரே ஒரு பழைய சொல் காயப்படுத்திவிட்டது. 'பகடை' என்ற சொல். சூதாட்டக் காயைக் குறிக்கும் அதே சொல், தென்மாவட்டங்களில் அருந்ததியர் மக்களின் சாதிப் பெயராகவும் இழிவாகவும் சொல்லப்பட்டு வந்தது. வசனத்தில் அது வசையாக விழுந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, மதுரையில் படம் ஓடிய திரையரங்கில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். வசனம் எழுதிய கார்க்கி வருத்தம் தெரிவித்தார், சொல் நீக்கப்பட்டது. குண்டு வீசியது தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இல்லாத ஒரு ஜனத்துக்காக அவ்வளவு கவனமாகச் சொல் செய்தவருக்கே, இருக்கிற ஒரு ஜனத்தின் மீது அந்தச் சொல் எப்படி விழும் என்பது கண்ணில் படாமல் போயிற்று.

சூது என்றதும் மறுபடியும் வேலப்பன்சாவடிக்கே வர வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே திருவேற்காடு. இன்று கருமாரியம்மன் கோவிலால் பிரபலம். ஊர்ப் பெயர் வேல மரத்திலிருந்து வந்தது, வேதபுரீஸ்வரர் கோவிலின் தலமரம் வெள்வேல மரம். ஒரு கற்பனைக் குடிக்கு மரமும் தெய்வமும் அருகிலேயே கிடைத்துவிட்டன, ஆறு வேண்டுமென்றால் கூவம் ஓடுகிறது (மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலத்தில் அது நல்ல ஆறு என்று நினைத்துக்கொள்ளவும்). உணவு? அதற்குத்தான் மூர்க்க நாயனார் இருக்கிறார்.

அறுபத்து மூவரில் ஒருவர், பெரியபுராணத்தின்படி திருவேற்காட்டுக்காரர். சிவனடியார்களுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். போட்டுப் போட்டுச் சொத்தெல்லாம் தீர்ந்தது. சின்ன வயதில் கற்ற சூது ஞாபகம் வந்தது. உள்ளூரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போகவே வெளியூர்களுக்குப் போனார், கும்பகோணத்துக்கும் போனார். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பார், அப்புறம் எல்லாவற்றையும் ஜெயிப்பார். தோற்றவன் பணம் கொடுக்க மறுத்தால் சுரிகையை எடுத்துக் குத்திவிடுவார். மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. ஜெயித்த பணத்தைத் தன் கையால் தொடமாட்டார், சமைக்கிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அடியார்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

எந்தப் பட்டியலாலும் உருவாக்க முடியாத ஆள் இவர். சூதாடுவது பாவம் என்ற ஊரில் சூதாடி. அன்னதானம் செய்கிற கையில் கத்தி. இந்த ஒருவரை ஒரு முழுக் குடியாகப் பெருக்கிப் பாருங்கள். வழிப்போக்கர்கள் தங்கும் சாவடி அவர்களுடையது. வருகிற எவனுக்கும் இலவசமாகச் சோறு, ராத்திரி திண்ணையில் காய் உருட்டல். முதல் ஆட்டம் விருந்தாளிக்குத்தான் என்பது குடியின் சட்டம். ஜெயித்தவன் பணத்தைத் தொட்டால் அவனுக்கு அன்று பந்தியில் இடமில்லை. அந்தக் குடியில் பிறந்த ஒரு பெண்ணுக்குச் சூது பிடிக்கவில்லை, அவளுக்கு எண்ணிக்கை நன்றாக வரும், அடுக்களையில் அரிசி இன்னும் எத்தனை நாளைக்கு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மழைநாள் இரவு சாவடிக்கு ஒருவன் வருகிறான். முதல் ஆட்டத்தில், வழக்கப்படி, அவனை ஜெயிக்க விடுகிறார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அவனே ஜெயிக்கிறான். மூன்றாவதிலும். அடுக்களையிலிருந்து அவள் எட்டிப் பார்க்கிறாள். உலையில் அரிசி போட்டாயிற்று, நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.